மாப்பிள்ளை போனில் பெய்த மழை

ஓரிக்கை,
வைகாசி மாதம், 2009.

என் மைத்துனரும், எங்கள் சந்தியாவுக்குத் தாய்மாமனும், அம்பத்தூரில் சொந்த லேத்துப் பட்டறை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவருமான வீரபத்திரன் அவர்களுக்கு, பந்தல் கடை துரைக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா அங்கம்மாளும் ஒருமாதிரி நலம். அவளுக்கு முழங்கால் வலி. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிற வலி. கடையில் நாற்காலிகள் நலம், அண்டாக்கள் நலம், சமையல் கரண்டிகளில் இரண்டைத் தவிர மற்றவை நலம். துணிப் பந்தலின் நலம் பற்றிக் கீழே சொல்கிறேன். அங்கே நீயும், உன் சம்சாரமும், பிள்ளைகளும் எல்லா நலமும் பெற்று இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இதைக் கடைசிவரை படித்த பிறகும் நீ அப்படியே இருந்தால் எனக்குச் சந்தோஷமே.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனைக் கையில் எடுக்கவே இப்போது பயமாக இருக்கிறது. காகிதம் அப்படி இல்லை. தபால்தலையை ஒட்டினால் அத்தோடு செலவு தீர்ந்தது. நாம் பேனாவை மூடி வைத்த பிறகும் இரவு பகலாகத் தானே எழுதிக்கொண்டிருந்து, மாதக் கடைசியில் நம்மிடம் காசு கேட்கிற காகிதத்தை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, உன் அக்கா மோதிரம் என்றாள், நான் கைக்கடிகாரம் என்றேன். நீதான் நடுவில் புகுந்து, "மோதிரம்லாம் பழசு மாமா, தடவுற போன் வாங்கிக் குடுங்க" என்றாய். சரி என்றேன். அத்தோடு விட்டாயா? பிள்ளை மாதாமாதம் தன் கைக்காசைப் போட்டு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தால் நமக்கு அழகா, லைனையும் உங்கள் கடை பேரிலேயே எடுத்துவிடுங்கள், பில் உங்களுக்கே வரட்டும் என்றாய். அழகுக்கு ஆசைப்பட்டேன். வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து அந்தப் போனைக் கொடுத்தோம். பொத்தானே இல்லாத போன். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருந்தது. திரையில் வெள்ளை மேகம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அந்த மேகத்தைக் காட்டித்தான் கடைக்காரன் அதை எங்கள் தலையில் கட்டினான்.

மாப்பிள்ளை பாலாஜியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தைக் கொண்டுவந்தவனே நீ. மாகறலில் சொந்த வீடு, ஒரே பிள்ளை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் செய்கிற கம்பெனியில் வேலை, எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்றாய். பேசுகிற பழக்கமும் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர் சந்தியாவைப் பார்த்தாரோ இல்லையோ, தட்டில் இருந்த காராசேவைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் என்னைக் கண்டால் "வாங்க மாமா", கிளம்பினால் "சரி மாமா". நடுவில் ஒன்றும் கிடையாது. நானும் மாப்பிள்ளையாயிற்றே என்று மரியாதைக்குப் பேசாமல் இருப்பேன். இரண்டு பேரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்ப்போம்.

அப்படிப்பட்டவர் தீபாவளி முடிந்த அடுத்த வாரம் விடிகாலையில் தானாகவே போன் செய்தார். நான் பதறிப்போய் எடுத்தேன். "மாமா, இன்னைக்கு மழ வரும். போன்ல காட்டுது" என்றார். சரி என்றேன். "சரி மாமா" என்று வைத்துவிட்டார். அன்றைக்குச் சாயந்திரம் கொட்டு கொட்டென்று கொட்டியது. மறுநாளும் சொன்னார், மறுநாளும் மழை. பந்தல் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மழை என்றால் தகரக் கூரை, வெயில் என்றால் துணி. ஐப்பசி, கார்த்திகை முழுக்க அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. மார்கழி பிறந்ததும், "மாமா, இனிமே பனி கொட்டும்னு போட்டிருக்குது" என்றார். அதுவும் பலித்தது. காலையில் வாசல் தெளிக்கப் போன உன் அக்கா நனைந்த தலையோடு உள்ளே வந்து, நம் மாப்பிள்ளை வாக்கு வாக்குதான் என்றாள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தாள்.

ஐப்பசியில் மழை பெய்யும், மார்கழியில் பனி கொட்டும் என்பதைச் சொல்ல ஒரு போன் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை, பொங்கலுக்கு வந்தபோது நீயும் அவரிடம் அம்பத்தூர் மழையைக் கேட்டாய்.

இந்த நேரத்தில்தான் பில் வர ஆரம்பித்தது. கடைக்கு வருகிற பில்களோடு சேர்த்து இரண்டு மாதம் நான் பார்க்காமலே கட்டித் தொலைத்திருக்கிறேன். தை மாதம் பிரித்துப் பார்த்தால், மாப்பிள்ளை நம்பருக்கு மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பந்தல், நாற்காலி, சீரியல் விளக்கு, அண்டா எல்லாம் கொடுத்தாலும் எனக்கு அவ்வளவு நிற்காது. வாயே திறக்காத பிள்ளை நாலாயிரத்துக்கு யாரோடு பேசியிருப்பார் என்று உன் அக்கா கேட்டாள். நான் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், லைன் எடுத்த கம்பெனியின் ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே லில்லி என்று ஒரு பெண் இருக்கிறது. நல்ல பெண், நான் கத்தினாலும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொல்லும். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேசின செலவு டீச் செலவுக்குக்கூட ஆகாது சார், மீதியெல்லாம் நெட்டு, டேட்டா என்றது. நெட்டில் என்ன பார்க்கிறார் என்று கேட்டேன். "எவ்ளோ பாத்தார்னுதான் சார் எங்களுக்குத் தெரியும், இன்னா பாத்தார்னு தெரியாது" என்றது. சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் பதில். பொழுதன்றைக்கும் ஓடியிருக்கிறது சார், விடிய விடிய ஓடியிருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னது.

மச்சான், நீயே யோசித்துப் பார். வாலிபப் பிள்ளை. பகலில் பேச மாட்டார், நிமிர்ந்து பார்க்க மாட்டார். விடிய விடிய நெட்டில் எதைப் பார்ப்பார்? கந்த புராணமா பார்ப்பார்? பெருமாள் கோயில் மதிலோரமாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். பஸ் வந்தது தெரியவில்லை. பணம் போனால் போகிறது, ஒரே பெண்ணை எப்படிப்பட்ட ஆளிடம் கொடுத்துவிட்டோம் என்பதே நினைப்பு.

மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா? முடியாது. நெட்டை நிறுத்துங்கள் என்றால், தலை தீபாவளிச் சீரைத் திரும்பப் பிடுங்குகிறான் மாமனார் என்று ஆகிவிடும். சம்பந்தியம்மா காமாட்சியம்மாளைப் பற்றி உனக்குத் தெரியும். பந்தியில் அப்பளம் உடைந்திருந்ததை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறவர். ஆகவே உன் அக்கா சந்தியாவுக்குப் போன் போட்டுப் பக்குவமாக விசாரிப்பது என்று முடிவு செய்தோம். மாப்பிள்ளை அந்தப் போனில் அப்படி என்னதான் செய்கிறார் என்று இவள் கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கிறது, லைன் வேறு விட்டு விட்டு வருகிறது. சந்தியா என்னவோ சொன்னது. இவள் போனை வைத்துவிட்டு வெளிறிப்போய் வந்து உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளைக்கு மேகமாம்" என்றாள்.

சரியாகக் கேட்டாயா என்றேன். "அவருக்கு எப்பவும் மேகம்தாம்மா, எழுந்தாலும் மேகம், படுத்தாலும் மேகம்னு அதுவே சிரிச்சிக்கினு சொல்லுது. குழந்த மனசு, அதுக்கு அர்த்தம் தெரியலய்யா" என்று அழுதாள். பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவர் முழுக்க மேகவெட்டைக்கு மருந்து என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பானே, கெட்ட சகவாசத்தில் வருகிற அந்த மேகம். நாங்கள் அதைத் தவிர வேறு எதை நினைப்போம்? வானத்தில் ஒரு மேகம் இருப்பது அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வெளியில் சொல்லக்கூடிய விஷயமா? உத்திரமேரூர் ரோட்டில் ஒரு வைத்தியரிடம் போய், தூரத்துச் சொந்தம் ஒருவருக்கு என்று சொல்லி லேகியம் வாங்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தூரத்துச் சொந்தத்தைப் புளியைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். லில்லியிடம் மறுபடி போய், அந்த நம்பருக்கு நெட்டை வெட்டுவதற்கு வழி கேட்டேன். மனு எழுதிக் கொடுத்தால் வெட்டலாம், ஆனால் லைன் எடுத்தவர் சொல்லி நிறுத்தியிருக்கிறோம் என்று அந்தப் போனுக்குத் தகவல் போய்விடும் என்றது. அது ஆகாது என்றேன். அப்படியானால் அந்தப் போனிலிருந்தே கம்பெனி நம்பருக்கு STOP என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழமும் லேகிய டப்பாவுமாக மாகறலுக்குப் போனேன். உடம்புக்கு நல்லது, தினமும் கொட்டைப்பாக்கு அளவு சாப்பிடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்தேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் "சரி மாமா" என்று வாங்கிக்கொண்டார். பிறகு குளிக்கப் போனார். போன் டி.வி. மேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

மச்சான், என் விரலை நீ பார்த்திருக்கிறாய். முப்பது வருஷம் பந்தல் கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல். அந்தக் கண்ணாடி என் விரலை ஒரு மனுஷன் விரலாகவே மதிக்கவில்லை. தேய்த்தேன், குத்தினேன், எச்சில் தொட்டுத் தடவினேன். கடைசியில் மூலையில் இருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் குத்தினால் வேலை செய்தது. ஒவ்வோர் எழுத்தாக STOP என்று போட்டேன். யாருக்கு என்று கேட்டது. சீட்டில் இருந்த நம்பரைப் போடுவதற்குள் குச்சி வழுக்கி, பட்டியலில் எந்தப் பேர் மேலோ பட்டு, மெசேஜ் போயே போய்விட்டது. யாருக்குப் போனது என்று பார்ப்பதற்குள் பின்னால், "இன்னா சம்பந்தி, துடைப்பத்த வெச்சிக்கினு இன்னா பண்றீங்க" என்று காமாட்சியம்மாள் குரல். மணி பார்த்தேன் என்றேன். நான் நின்றிருந்தது நாம் சீராகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே.

மெசேஜ் போனது சந்தியாவுக்கு. அது சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் நம் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று புருஷனிடம் கேட்டிருக்கிறது. அவரும் வழக்கம்போல வாயைத் திறக்காமல் தலையை ஆட்டியிருக்கிறார். இப்போது குளியலறையிலிருந்து STOP என்று ஆர்டர். சந்தியா தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, தோசை எங்கே என்று தெரியாமல் விழிக்கிறார். அங்கேயே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது. அவர் எப்போதுமே பேசாதவர் என்பதால் சண்டை நடப்பதே மூன்றாம் நாள்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் காலை போன் மட்டும் நிற்கவில்லை. மாசி மாதம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு காதுகுத்து. நெசவுப் பாவு காயப்போடுகிற வெயில், தறிக்காரர்களெல்லாம் வெற்றுடம்போடு நிற்கிறார்கள். "மாமா, இன்னைக்குக் கனமழ" என்றார் இவர். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் மாப்பிள்ளை வாக்கு. தகரம் போட்டேன். பத்து மணிக்கு மேல் தகரத்தின் கீழே பந்தி போட்டால் இலையில் விழுந்த பாயசம் மறுபடி கொதிக்கிறது. குழந்தைக்குக் காது குத்த வந்த ஆசாரி மயங்கிச் சாய்ந்தார். குழந்தை காது தப்பித்தது கடவுள் புண்ணியம். மாகறலிலும் இதே கதைதான். மழை வரும் மழை வரும் என்று பிள்ளை சொன்னதைக் கேட்டுக் காமாட்சியம்மாள் வருஷ மிளகாயை வெயிலில் போடாமல் உள்ளேயே வைத்திருந்து, மொத்தமும் பூசணம் பூத்துப்போய்விட்டது. பெண் வீட்டுப் போன் பொய் சொல்கிறது என்று தெருவில் நின்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை, உங்கள் போனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. பில்லையும் கேட்கவில்லை, மழையையும் கேட்கவில்லை, மேகத்தையும் கேட்கவில்லை. வந்த பில்லைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

சித்திரையில் முடிந்தது எல்லாம். எங்கள் ஒன்றியச் செயலாளர் வீட்டு நிச்சயதார்த்தம். தேர்தல் சமயம், கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இந்த ஒரு வேலை நல்லபடியாக முடிந்தால் ஒன்றியத்தில் இனி எந்தக் கூட்டம் நடந்தாலும் பந்தல் எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். காலையில் போன் வந்தது. "மாமா, இன்னைக்கு நல்ல வெயில். ஒரு மேகங்கூட இல்ல." அவர் குரலிலேயே ஒரு சந்தோஷம். நானும் மாசியில் பட்ட பாட்டை நினைத்து, புதிதாகத் தைத்த சிவப்பு மஞ்சள் துணிப் பந்தலை முழுசாக விரித்தேன். சாயந்திரம் தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரத்துக்குப் பாலாற்றுப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது பார், கோடை மழை. துணி பசுமாட்டு மடி மாதிரி தொங்குகிறது. ஆட்கள் கழியால் முட்டித் தண்ணீரைத் தள்ளப் போனார்கள். ஒருவன் செயலாளரின் தலைக்கு நேர் மேலே முட்டினான். துணி கிழிந்தது. ஒரு அண்டாத் தண்ணீர், சாயத்தோடு சேர்த்து, அவர் வெள்ளை வேட்டி சட்டை மேல். எழுந்து நின்றபோது எதிர்க்கட்சிக் கொடி நிறத்தில் இருந்தார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நனைந்த உடம்போடு நேராக மாகறல் பஸ் ஏறினேன். காமாட்சியம்மாள் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து "வாங்க மாமா" என்றார். சந்தியா உள்ளேயிருந்து துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது.

"மாப்பிள்ள, இன்னைக்கு மரியாதைய வாசல்ல செருப்போட கழட்டிட்டு வந்திருக்கேன். உண்மையச் சொல்லுங்க. அந்தப் போன்ல விடிய விடிய இன்னா பாக்கிறீங்க?"

அவர் முழித்தார். "ஒண்ணும் பாக்கலயே மாமா."

"ஒண்ணும் பாக்காமயா மாசா மாசம் நாலாயிரம், அஞ்சாயிரம் பில்லு வருது?"

அந்தத் தொகையைக் கேட்டதும் அவர் கையில் இருந்த சோறு தட்டில் விழுந்தது. காமாட்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை. உடம்பு விஷயத்தையும் கேட்டுவிட்டேன், சந்தியாவை வைத்துக்கொண்டே. மேகம் என்று நான் சொன்னதும் சந்தியா என்னை ஒரு பார்வை பார்த்தது. கையைக் கழுவவும் விடாமல் புருஷன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டியது. "இந்த மேகம்பா. இதத்தான் அம்மாகிட்ட சொன்னேன்."

திரையில் அன்றைக்கென்று சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. வெளியே மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "அப்போ அந்த லேகியம்?" தினமும் சாப்பிட்டிருக்கிறார், மச்சான். ஒருநாள் விடாமல். மாமா கொடுத்தது என்று.

மறுநாள் அவர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என்னைப் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு காந்தி ரோட்டுக்கு வந்தார். லில்லி போனை வாங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "சார், இது லண்டன் வெதர் சார். கடையில செட் பண்ணிக் குடுத்தத அப்படியே வுட்டிருக்கீங்க. அதுவே நெட்டுக்குப் போயி எடுத்துக்கினு வருது. ராத்திரி பகல்னு பாக்காம போய்க்கினே இருக்குது. அதான் பில்லு" என்றது. நாங்கள் காஞ்சிபுரத்தில் வேர்த்து வழிந்துகொண்டு, காசு கட்டி, லண்டன்காரன் குடை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று ஐந்தாறு மாதமாக விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். மேலே லண்டன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததே மாப்பிள்ளை, பார்க்கவில்லையா என்று கேட்டேன். "பாத்தேன் மாமா. போன் செஞ்ச கம்பெனி பேருன்னு நெனச்சிக்கினேன்" என்றார். நீங்களே போன் கம்பெனியில்தானே வேலை செய்கிறீர்கள் என்றேன். "நான் டப்பா ஒட்ற செக்ஷன் மாமா" என்றார். லில்லி அந்த மேகத்தை அணைத்து, நெட்டையும் அடியோடு அணைத்து, எங்கே போய் அணைப்பது என்று இரண்டு பேருக்கும் இரண்டு தரம் காட்டிக் கொடுத்தது.

வெளியே வந்து டீ குடித்தோம். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவர் டீயைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பேசி நான் கேட்ட முதல் நீளப் பேச்சு அதுதான், அப்படியே எழுதுகிறேன்.

"இது உங்க காசுன்னு நான் யாருக்குமே போன் பண்ணது கெடயாது மாமா. காலையில உங்களுக்கு மட்டுந்தான் பண்ணுவேன். நேர்ல வந்தா உங்ககிட்ட இன்னா பேசறதுன்னு எனக்குத் தெரியல. மழ, வெயில்னு சொன்னா நீங்க சரின்னு கேட்டுக்கினீங்க. அப்பா இருந்தப்ப அவர்கிட்டயும் இப்படித்தான் இன்னா பேசறதுன்னு தெரியாமயே இருந்துட்டேன்."

டீக்காசை அவர் கொடுக்கப் போனார், நான் தடுக்கவில்லை. மாப்பிள்ளையைக் காசு கொடுக்க விட்டது அதுதான் முதல் தடவை.

செயலாளர் வாக்குக் கொடுத்த பந்தல் வேலை போனது போனதுதான். சந்தியாவிடம் அந்த STOP நான் அனுப்பியது என்று சொல்லிவிட்டேன். அது ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் சிரித்தது. காமாட்சியம்மாளுக்குப் புது மிளகாய் இரண்டு மூட்டை கொண்டுபோய் இறக்கினேன். அடுத்து வந்த பில்லில் மாப்பிள்ளை நம்பருக்கு வாடகையைத் தவிர ஒன்றும் இல்லை. இதெல்லாம் சரி. ஆனால் லில்லியிடம் போய்வந்த மறுநாள் காலையில் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சொல்லுவதற்கு அவரிடம் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. விடிந்ததும் உன் அக்கா காபியை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள், நான் போனைப் பார்ப்பேன். இப்படி ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஒரு நாள் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். உள்ளே வந்து அவருக்குப் போன் போட்டேன். "மாப்பிள்ள, ஓரிக்கையில மூட்டமா இருக்குது. மாகறல்ல எப்படி?" என்றேன். அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "இங்கயும் மூட்டந்தான் மாமா" என்றார். பிறகு, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். இப்போது தினமும் நான்தான் கூப்பிடுகிறேன். நேற்று அவர் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு முழு நிமிஷம் பேசினார்.

ஆகையால் மச்சான், நீயும் தடவுகிற போன் ஒன்று வாங்கியிருப்பதாகக் கேள்வி. கையெழுத்துப் போட்டுக் கும்பிட்டுக் கேட்கிறேன், முதல் வேலையாக அதில் நெட் திறந்திருக்கிறதா என்று பார். தானாக ஓடுகிறது எது எது என்று பார்த்து ஒவ்வொன்றாக அணை. அதில் அசைகிற படம் எதையும் நம்பாதே. நம் குடும்பத்தில் இனி எவனும் அந்த நெட் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. நான் இருக்கிறவரை அது நடக்காது, இது உறுதி.

உன் பட்டறை இரவும் பகலும் சுற்றட்டும். உன் பிள்ளைகள் படிப்பில் முன்னேறட்டும்; பேசவும் கற்றுக்கொள்ளட்டும். தங்கச்சிக்கு என் ஆசீர்வாதமும், உனக்கு உன் அக்காவின் ஆசீர்வாதமும். என்னுடையதை நேரில் வந்து வாங்கிக்கொள், இப்போதைக்கு உன்மேல் பாதிக் கோபம் மீதி இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமா,
ஓ. துரைக்கண்ணு.

பின்குறிப்பு: கருடசேவைக் கூட்டத்தில் தபால் ஆபீஸ் பக்கம் போக முடியாமல் கடிதம் சட்டைப்பையிலேயே நாலு நாள் இருந்துவிட்டது. அதற்குள் மாப்பிள்ளை வந்து போனார். என்னை இத்தனை மாதம் பில் கட்ட வைத்தது அவருக்கு உறுத்தலாம். பணமாகக் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன் என்று, கம்பெனியில் ஊழியர் விலைக்கு எனக்கும் ஒரு தடவுகிற போன் எடுத்து வந்துவிட்டார். லைன் அவர் பேரில், பில்லும் அவருக்குத்தான் போகும். வேண்டாம் என்று சொல்ல முடியுமா, மாப்பிள்ளை ஆசையாகக் கொடுத்தது. சும்மா தொட்டுப் பார்த்தேன். சீனாவில் ஒருவன் மூங்கிலிலேயே ஐம்பது மாடிக்குச் சாரம் கட்டுகிறான், மச்சான். முடிச்சு நம்முடைய முடிச்சேதான், ஆனால் ஒற்றைக் கையால் போடுகிறான். ஒவ்வொரு மாடிக்கும் படம் நின்று ஒரு சக்கரம் சுற்றுகிறது, நானும் பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் ஆரம்பித்தது, முப்பதாவது மாடிக்கு வந்துவிட்டான். இதை எங்கே போய் அணைப்பது என்று லில்லி காட்டிக் கொடுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பில்லைப் பற்றி நீ கவலைப்படாதே. மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.